காப்பு கட்டாத டவர்

புரட்டாசி 9, வியாழன்

வெயில். புரட்டாசி என்று பெயர்தான்; சித்திரை இன்னும் ஊரைக் காலி பண்ணவில்லை. காற்றில் அவ்வளவு உப்பு. அக்கா குழம்பில் உப்புப் போடாமல் ஜன்னலைத் திறந்து வைத்தாள். சரியாக இருந்தது.

முத்துக்குளித்துறை சாட்சியாக, முக்கடல் சாட்சியாக (இங்கே இருப்பது ஒன்றுதான், மற்ற இரண்டும் கன்னியாகுமரியிலிருந்து இரவல்), இன்று முதல் இந்த டைரியில் எழுதப்போகிற கதையை ஒரு ஈ காக்காய்கூட நம்பாது என்று உறுதி கூறுகிறேன். நம்பினால் அது என் எழுத்தின் குறை.

யார் படிக்கப்போகிறார்கள்? யாருமில்லை. ஆனால் புளுகுக்கும் ஒத்திகை வேண்டுமே.

முதலில் மன்னர் அறிமுகம். வருடத்தில் முக்கால்வாசி நாள் நான் வெங்காய வியாபாரி. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவு போகிற தோணிகளில் வெங்காயம் ஏற்றுவது தொழில். அந்தத் தீவே என் வெங்காயத் தோலின் மேல்தான் மிதக்கிறது, நான் ஒரு வாரம் லீவு போட்டால் முழுகிவிடும். தசரா வந்தால் மட்டும் ராஜா. குலசேகரன்பட்டினத்து (ஊர் வாயில் குலசை) அம்மனுக்கு வேண்டுதல். விரதம், காப்பு, வேஷம், ஊர் ஊராகக் காணிக்கை.

செவ்வாயன்று கொடியேறியது. காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கயிறு, வலது மணிக்கட்டு.

இன்று முதல் பவனி. உடைமைகள்:
கிரீடம் 1 (அட்டை. கல் மூன்று உதிர்ந்துவிட்டது)
வாள் 1 (தகரம்)
மீசை 2 (ஒன்று உபரி, வியர்வையில் விழுவதால்)
யானை 1

யானை என்றால் குட்டியானை. அந்தச் சின்ன லோடு வண்டிக்கு ஊரில் அதுதானே பெயர். அதன் முதுகில் நின்றுதான் வலம் வந்தேன். கூடவே காளி வேஷத்தில் வெல்டிங் கடை முருகேசன் (வேஷம் போட்டபிறகு பெயர் சொல்லக் கூடாது, 'தாயி'தான்). குழுத் தலைவர் தங்கபாண்டி அண்ணாச்சி, ஊரிலேயே பெரிய அரிசிக் கடை, பிச்சைக்காரர் வேஷம். அவர் தட்டை நீட்டினால் கடன்காரர்கள் எல்லாம் கும்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

இந்த வருடம் புதிதாக ஓர் ஆள். குமார் என்று பெயர், கோயம்புத்தூர்ப் பக்கமாம். மைக் செட் வைத்திருக்கிறான். "அம்மனுக்கு வேண்டுதலுங்க, வாடகை வேண்டாமுங்க" என்று ஸ்பீக்கர், பெட்டி, பேட்டரி எல்லாம் இலவசமாக ஏற்றிவிட்டான். தானும் போலீஸ் வேஷம் போட்டு ஏறிக்கொண்டான். இலவசம் என்றதும் அண்ணாச்சி கண்ணில் தண்ணீர்.

போனில் ஒரே ஈ. அடித்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, திரையின் மூலையில் 4ஜி போய் ஆங்கில ஈ (பழைய 2ஜியின் அடையாளம்) வந்து உட்கார்ந்திருக்கிறது.

புரட்டாசி 10, வெள்ளி

வெயில், மேற்கே ஒரு மேகம். ஏமாற்று மேகம்.

காலையில் தோணியில் மூட்டை ஏற்ற ஒரு கை குறைந்தது. நானே தூக்கினேன் (ஒரே நேரத்தில் ஒன்பது மூட்டை). காப்புக் கயிறு பாதி அறுந்து தொங்கியது. அக்கா பார்த்துவிட்டாள். ஊரைக் கூட்டிவிட்டாள்.

"ஏலே, காப்பு அறுந்தா என்ன அர்த்தம் தெரியுமா? ராசாவாம் ராசா! கயிற ஒழுங்கா வச்சிக்கத் தெரியல!"

அக்கா மகள் சுகந்தி (இனி சு.) அப்போதுதான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையைத் துழாவி நீல நிறத்தில் மெல்லிசாக ஒரு ஒயரை எடுத்தாள். அறுந்த இடத்தில் வைத்துச் சுற்றி, ஏதோ ஒரு முடிச்சுப் போட்டாள். கேபிள் கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சாம், இழுத்தால் இறுகுமாம்.

"ஆத்தாவுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்க மாட்டாளா?"

"நெட்வொர்க் ஒயருதான் மாமா. ஆத்தாவுக்கு இன்னும் சீக்கிரமா கேக்கும்."

சிரிக்கவில்லை அவள். அதுதான் கவனித்தேன். சு. சிரிக்காமல் நகைச்சுவை சொன்னால் வீட்டில் இடி விழப்போகிறது என்று பொருள்.

சாயங்காலம் விழுந்தது. மொபைல் கம்பெனியில் வேலை அவளுக்கு. போன வாரம்தான் துறைமுக ரோட்டில் அவள் நின்று ஏற்றிய முதல் 5ஜி டவருக்கு உயிர் வந்தது. அதன் காலடியில் நான் திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்தேன். தெறித்த விதை ஒன்று கன்ட்ரோல் பெட்டிக்குள் போனது தனிக் கதை. நேற்றிலிருந்து அந்த ரோட்டில் லாரிக்காரர்களின் போன் எல்லாம் திடீர் திடீரென்று 5ஜியிலிருந்து 2ஜிக்கு விழுகிறதாம்.

"விழுந்த ஒடனே ஒரு மெசேஜ் வருது மாமா. 'உங்கள் கேட் பாஸ் காலாவதியாகிவிட்டது, கீழே தொட்டுப் புதுப்பிக்கவும்'னு. தொட்டா கார்டு நம்பரக் கேக்கு."

"தொட்டாவளா?"

"வரிசையில நிக்கவன் தொடாம என்ன செய்வான்? பாவம், தலையில கைய வச்சிட்டு நிக்காவ. எங்க சார் மெட்ராஸ்லேருந்து, 'உன் டவர் கோளாறு, நீ செட்டிங்கைத் தப்பாப் போட்ருக்க'ங்காரு. நான் இது கள்ள டவர்னு சொல்லுதேன். அவரு நம்பல. செவ்வாக்கெழம நேர்ல வாராரு. அதுக்குள்ள காட்டலன்னா டவர அணைச்சிருவாவ. என் வேலையும் நெரந்தரமாகாது."

கண் கலங்கவில்லை. மூக்கு மட்டும் சிவந்தது. அவள் அம்மாவைப் போல.

"ஏளா, இந்த மாமன் இருக்கும்போது உனக்கென்ன கவலை? நாளைக்கே ஆயிரம் வீரர்களை அனுப்பி..."

"மாமா, செத்த நேரம் சும்மா இருக்கியளா?"

இருந்தேன். அரை நிமிடம்.

புரட்டாசி 11, சனி

புழுக்கம். கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடந்தது. மதியம் வேஷம் கலைத்து வீட்டுக்கு வந்தால் சு. தரையில் காகிதம் விரித்து உட்கார்ந்திருக்கிறாள்.

கள்ள டவர் என்றால் என்ன என்று விசாரித்தேன். மன்னருக்குத் தெரியாத வித்தை ஒன்று ராஜ்யத்தில் நடக்கலாமா?

"ஒரு பெட்டிதான் மாமா. அதுக்குள்ள ஒரு குட்டி டவரு. 'இங்கன நான்தான் பெரிய டவரு'ன்னு சத்தமாக் கத்தும். பக்கத்துல உள்ள போனெல்லாம் நம்பி அங்கன போயிரும். போன ஒடனே மெசேஜத் திணிச்சிட்டு, விட்டுரும்."

"போனுக்கு அறிவு இல்லையா? யாரு என்னன்னு கேக்காதா?"

"5ஜின்னா கேக்கும். அதுல போனும் தன்ன நிரூபிக்கணும், டவரும் தன்ன நிரூபிக்கணும். 2ஜி பழைய காலத்துது. அதுல போன்தான் டவர்கிட்ட அடையாளம் காட்டணும். டவர் காட்ட வேண்டாம். எவன் டவர்னு வந்து நின்னாலும் சரின்னுரும். அதான் இவன் முதல்ல போன 2ஜிக்கு எறக்கி விடுதான்."

யோசித்தேன். இது நமக்குத் தெரிந்த விஷயம்.

"ஏளா, இது தசராலா! வேஷத்தோட எவன் வந்து நின்னாலும் நம்ம சனம் தட்டுல காசு போடும். காளிகிட்ட எவனாவது ஆதார் அட்டை கேப்பானா? காளிதான் நம்மளப் பாத்து 'ஏலே, நீ யாரு மவன்'னு கேக்கும்."

சு. பென்சிலைக் கீழே வைத்தாள். "அதேதான் மாமா! அப்ப 5ஜின்னா?"

"காசு போடுததுக்கு முந்தி, 'தாயி, கையக் காட்டு, காப்புக் கட்டிருக்கியா'ன்னு கேக்குதது."

இரண்டு நாளுக்குப் பிறகு சிரித்தாள். அரண்மனையே அதிர்ந்தது, எதிர்வீட்டு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டது.

சு. அக்காவின் போனை வாங்கி, செட்டிங்கில் 2ஜியையே அணைத்துவிட்டாள். இனி அந்தப் பக்கம் இறங்கவே இறங்காதாம். என் போனில் அந்த வசதி கிடையாது. அது பாண்டியர் காலத்துப் போன்.

மீசைப் பசை வாங்க வேண்டும். மறக்கக் கூடாது.

புரட்டாசி 12, ஞாயிறு

காற்று. நல்ல காற்று. மீசை பறந்தது, உபரி மீசை உதவியது.



துறைமுக ரோடு பிரிகிற விலக்கில் குட்டியானை நின்றது. தூரத்தில் டவர் அடியில் சு. கையில் ஓர் ஏரியல், பெரிய பாறை மீனைத் தின்றுவிட்டு முள்ளை மட்டும் தூக்கிப் பிடித்தாற்போல. அதை இப்படியும் அப்படியும் திருப்பினாள். திருப்பித் திருப்பி, கடைசியில் நேராக என் பக்கம் நிறுத்தினாள்.

கை அசைத்தேன். மரியாதை தெரிந்த பெண்.

வண்டி கிழக்கே நகர்ந்தது, முள் கிழக்கே திரும்பியது. வண்டி வளைந்தது, முள்ளும் வளைந்தது. மேடு பள்ளத்தில் நான் குலுங்க முள்ளும் குலுங்கியது. சூரியகாந்தி சூரியனைப் பார்ப்பது போல என்று நாமே நம்மைப் பற்றிச் சொல்வது அழகல்ல. ஆனால் அப்படித்தான். ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களுக்கும் கிடைக்காத மரியாதை. வாளை உயர்த்தி ஆசி வழங்கினேன்.

ராத்திரி சாப்பாட்டில் சு. ஒரே துள்ளல்.

"அம்மா, கண்டுபுடிச்சிட்டேன்! கள்ள டவரு நடமாடுது! ஒரு தசரா வண்டில இருக்கு. ஒரு காளி, ஒரு பிச்சைக்காரரு, மேல ஒரு ராஜா. அந்த ராஜாவப் பாத்தாலே கள்ளப் பய மூஞ்சி. நான் ஏரியலத் திருப்புததப் பாத்துட்டு வாளத் தூக்கி மெரட்டுதான்!"

பிசைந்த சாதத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"ஏளா... அந்த ராஜா நான்தான்."

"மாமா, வெளையாடாதிய."

"சத்தியமா நான்தாம்ளா!"

"போன வருசம் திமிங்கலம் முதுகுல ஏறித் தலைமன்னார் போனேன்னும் சத்தியம் பண்ணுனிய."

அக்கா: "நம்ம ஊர்ல பத்து வண்டி அதே மாதிரிதான் போகுது. இவன் பேச்சக் கேக்காத. எல்லாக் கதையிலயும் இவன்தான் ராசா."

புளுகனுக்கு ஆண்டவன் வைக்கும் பரீட்சை இதுதான்: ஒருநாள் உண்மை சொல்ல வேண்டி வரும்.

செவ்வாய்க்கிழமை போலீஸோடு வந்து அந்த வண்டியை மறிக்கப் போகிறாளாம். என் வண்டியை. காப்புக் கட்டிய அத்தனை பேரையும் நடுரோட்டில் கள்ளர்கள் என்று இறக்குவார்கள். அண்ணாச்சி வருடா வருடம் காத்த வேண்டுதல் போச்சு. பேசாமல் வண்டியை வேறு ஊருக்குத் திருப்பினால்? சு. வேலை போச்சு.

தூக்கம் வரவில்லை. (வந்தது. ஆனால் ராஜ கவலையோடு.)

புரட்டாசி 13, திங்கள்

மேகம். தூறல் போலத் தோன்றியது, உப்புத்தூள்.

பவனி முழுவதும் ஒற்றன் வேலை. வண்டியில் என்ன புதுசு? மைக் செட். யார் புதுசு? குமார். ஸ்பீக்கருக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் ஃபேன் ஓடுகிற சத்தம். மேலே ஒரு குட்டைக் கம்பி. "ரிமோட் மைக்குக்கு ஏரியலுங்க" என்றான். நமக்கு ரிமோட் மைக்கே கிடையாது. அண்ணாச்சி தொண்டைதான் மைக்.

இன்னொன்று. டீக்கடையில் நாங்கள் எல்லோரும் தண்ணீர் மட்டும் குடித்தோம். விரதம். குமார் பின்பக்கம் போய் வந்தான். அவன் பக்கத்தில் நின்றேன். முட்டை வாசம். எங்கள் மூக்கு விரதத்தில் கூர்மையாகிவிடும். இலங்கையில் வெங்காயம் நறுக்கினால் இங்கே கண் கலங்கும்.

அண்ணாச்சியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணாச்சி, அந்தக் கோயம்புத்தூர்ப் பயகிட்ட ஏதோ இருக்கு."

"என்னவே சொல்லுதீரு? தர்மத்துக்கு மைக் செட் தந்தவன!"

"அந்தப் பெட்டிலேருந்துதான் கள்ள மெசேஜ் போவுது. எம் போன்ல ஈ வருது."

"ஈ வந்தா வெரட்டும். எங்கிட்ட ஏன் சொல்லுதீரு?"

தாயியிடம் போனேன். தாயி நாக்கை நீட்டியிருந்ததால் பதில் வரவில்லை.

ஒருவரும் நம்பவில்லை. போன வருடம் சொன்ன திமிங்கலம் குறுக்கே நிற்கிறது.

மீசைப் பசை வாங்கியாயிற்று.

புரட்டாசி 14, செவ்வாய்

வெயில், காற்று, மேகம் எல்லாம் ஒரே நாளில். வானமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது.

காலையில் துறைமுக ரோட்டு விலக்கு. லாரி வரிசை. தலை துறைமுகத்தில், வால் கயத்தாற்றில். டிரைவர்கள் எல்லாம் போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே போகிற கேட் நம்பர் மெசேஜாக வர வேண்டும், வரவில்லை. என் போனில் ஈ.

கூட்டம் கூடிவிட்டது. பறையும் மேளமும். இனித் தாமதிக்கக் கூடாது என்று கிரீடத்தை நேராக்கிக்கொண்டு குட்டியானை முதுகில் ஏறி நின்றேன். வாளை உருவினேன். வெயிலில் மின்னிய மின்னலில் துறைமுகத்துக் கப்பலெல்லாம் சங்கு ஊதின.

"ராஜாங்க உத்தரவு! காப்புச் சோதனை! அனைவரும் கையை நீட்டுங்கள்!"

மேளம் நின்றது. நாடகம் என்று கூட்டம் விசிலடித்தது. அண்ணாச்சி முறைத்தார், ஆனாலும் நீட்டினார். காப்பைக் காட்டு என்றால் காட்டாமல் இருக்க முடியாது. தாயி எட்டுக் கையையும் நீட்டினாள், ஆறு அட்டை, இரண்டு நிஜம். குமார் மட்டும் காக்கிச் சட்டையின் முழுக்கைப் பொத்தானை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"எனக்கெதுக்குங்க? நான் மைக் செட்டுங்க."

"வேஷம் போட்டிருக்கீரே! வேஷம் போட்டவன் காப்புக் கட்டணும்லா!"

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. முதலில் சு. இறங்கினாள், பின்னால் மெட்ராஸ் சார், அதற்குப் பின்னால் நிஜ ஏட்டையா. மீன் முள் நேராக என் நெஞ்சைப் பார்த்தது.

"அந்த ராஜாதான் ஏட்டையா!"

ஏட்டையா ஒரே தாவலில் ஏறி என் இடக்கையைப் பிடித்தார். குமாருக்கு மூளை எங்கே இருக்கிறதோ, அதற்கு ஒரு கோயில் கட்ட வேண்டும். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். "சார், நானும் இவனைத்தான் கவனிச்சுக்கிட்டு இருந்தேன்!" என்று என் வலக்கையைப் பிடித்தான்.

ஒரு பக்கம் நிஜ போலீஸ், ஒரு பக்கம் வேஷப் போலீஸ், நடுவில் மன்னர். சனம் கை தட்டியதில் டவர் ஆடியது. "ராசாவையே புடிச்சிட்டாவளே!" "இந்த வருசம் நல்லா ஜோடிச்சிருக்காவ!" தட்டில் காசு மழை. வயதான ஓர் அம்மா ஏட்டையாவின் தொப்பியில் பத்து ரூபாய் போட்டு, "நெசப் போலீஸ் மாதிரியே இருக்கிய ராசா, நல்லாயிருப்ப" என்று கன்னத்தை வழித்து முத்தம் வைத்தாள்.

"ஏளா சுகந்தி! நான்தாம்ளா, உன் மாமா!"

"பேரத் தெரிஞ்சா மாமாவா? இப்ப எல்லாக் கள்ள மெசேஜும் பேரச் சொல்லித்தான் வருது."

என்ன கூர்மை! அந்த நிலையிலும் பெருமையாக இருந்தது.

"உன் சடங்குக்கு நூத்தியெட்டுத் தட்டு சீர் கொண்டாந்தவன் நானு!"

"பதினொண்ணு," என்றாள். பிறகு கொஞ்சம் குழப்பமாக, "புளுகு மட்டும் மாமா மாதிரிதான் இருக்கு..."

"கையப் பாருளா! வலது கையி!"

வலது கை குமார் பிடியில். அவன் விடவில்லை. சு. ஏறி வந்து, ராஜ அங்கியின் சரிகைக் கையை மேலே தள்ளினாள். மஞ்சள் கயிறு. அதன் மேல் நீல ஒயர். அவள் போட்ட முடிச்சு.

முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மீசை அப்போது கன்னத்தில் இருந்தது.

"ஏட்டையா, இவங்கள விடுங்க," என்றாள். "இவங்க சொல்லுதது நெசம்."

இந்த வாக்கியத்தை என்னைப் பற்றி ஒருவர் சொல்லி நான் கேட்டது இதுவே முதல் தடவை. கல்வெட்டில் பொறிக்க வேண்டும்.

"அப்ப யாரு?" என்றார் ஏட்டையா.

"உமக்கு எதுக்க நிக்கவன் கையப் பாரும்! காப்பு இல்ல!" என்றேன்.

ஏட்டையாவுக்குச் சொந்த ஊர் குலசை. விளக்கம் தேவைப்படவில்லை. குமாரின் காக்கிக் கையை ஒரு இழுப்பு, பொத்தான் தெறித்தது. மொட்டை மணிக்கட்டு. கடிகாரத் தடம்கூட இல்லை. தாயி ஒரு சத்தம் போட்டாள், அது வேஷச் சத்தம் இல்லை. குமார் குதித்தான். கீழே பிச்சைக்காரர் வேஷத்தில் அண்ணாச்சி. வருடக்கணக்காக அரிசி மூட்டை பிடித்த கை, ஒரே பிடி. "எம் புள்ள மாதிரி நெனச்சேனேலே! ஓசி மைக் செட்டுன்னு வாயப் பொளந்துட்டேனே!"

மெட்ராஸ் சாருக்கு ஒன்றும் புரியவில்லை. "காப்புன்னா என்னங்க?"

"இல்லாதவனுக்கு நாங்க போட்டு விடுததுதான் சார்," என்று ஏட்டையா இடுப்பிலிருந்து இரும்புக் காப்பை எடுத்து மாட்டினார். கிளிக்.

கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது.

சு. டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, ஒரு ஒயரைப் பிடுங்கினாள். ஃபேன் நின்றது. என் போனிலிருந்து ஈ பறந்தது.  அதன்பின் கயத்தாறு வரைக்கும் நின்ற லாரிகளில் அத்தனை போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. கேட் நம்பர்! ஆயிரம் கோயில் மணி. டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பினார்கள்.

மெட்ராஸ் சார் மீட்டரைப் பார்த்தார், டவரைப் பார்த்தார், சு.வைப் பார்த்தார். "டவர்ல ஒண்ணும் இல்லம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார். பிறகு என்னிடம், "அந்தப் பூசணிக்காய் நீங்கதானா?"

"நாமேதான்," என்றேன்.

புரட்டாசி 17, வெள்ளி

மழை! நிஜ மழை. உப்பளத்துக்காரர்களுக்கு மட்டும் வருத்தம், ஊருக்கெல்லாம் கொண்டாட்டம்.

நேற்று இரவு குலசையில் சூரசம்ஹாரம். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை, மக்கள் தலைமேல் நடந்துதான் போனேன். குமார் பிடிபட்ட நாளிலிருந்து மைக் செட் இல்லை. அண்ணாச்சி தொண்டையே போதுமென்று ஆகிவிட்டது. இன்று காலை காப்புக் களைந்தாயிற்று.

மதியம் அக்கா வீட்டில் விரதம் முடிந்த சாப்பாடு. சீலா மீன் குழம்பு. சாப்பிட்ட அளவைச் சொன்னால் கடல் வற்றிவிட்டதா என்று கேட்பார்கள்.

சு. போனில் பேசிவிட்டு வந்து வாசலிலேயே நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்னளா ஆச்சு?" அக்கா கரண்டியோடு எழுந்தாள்.

"நெரந்தரம் பண்ணிட்டாவம்மா. டவரும் என் பொறுப்புலதான். அடுத்தது ஆறுமுகநேரிப் பக்கம் ஒண்ணு வைக்கணுமாம்."

அக்கா கரண்டியோடு கட்டிக்கொண்டதில் சு. முதுகெல்லாம் குழம்பு. நான் பூசணிக்காய் வாங்கக் கிளம்பினேன்; இரண்டு பேரும் சேர்ந்து சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

"அறிக்கையில ஒங்களப் பத்தி எழுதணும் மாமா. என்ன போடட்டும்?"

"மாமன்னர், ஐம்பத்தாறு..."

"'சாட்சி: வெங்காய வியாபாரி'ன்னு போட்டுட்டேன்."

மழை இன்னும் நிற்கவில்லை. டைரியில் இன்னும் இடம் இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்பதால் ஒரு கணக்குத் தீர்த்துவிடுகிறேன். லாரி வரிசை கயத்தாறு வரை இல்லை. விலக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம். கப்பல்கள் சங்கு ஊதவில்லை. வாளை உருவியபோது அது உறையிலேயே மாட்டிக்கொண்டது. 'ராஜாங்க உத்தரவு' என்று எழுதிய இடத்தில் தொண்டையிலிருந்து பாதி காற்றுதான் வந்தது. மூட்டை ஒன்பது இல்லை, ஒன்று, அதையும் பாதியில் இறக்கி வைத்துவிட்டேன். மற்றதில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

கழித்துக் கழித்துப் பார்த்தாலும் ஒரு சின்ன விஷயம் மட்டும் மிஞ்சுகிறது, அது நிஜம். அந்த நீல ஒயர். குலசையில் கயிற்றைக் களையும்போது அதையும் களையச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். இதோ, எழுதுகிற கையில்தான் இருக்கிறது.

கொஞ்சம் அரிக்கிறது.